இரும்பைத் தின்னும் துரு

(பத்தாம் வகுப்பு மாணவி)

துரு என்றவுடன், ஆய்வுக்கூடத்தில் மூன்று சோதனைக்குழாய்களில் ஆணிகளைப் போட்டு வைத்தோமே, அதுதான் உங்கள் நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு பழைய பிக்-அப் வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

என் தந்தை தூத்துக்குடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில் அங்கு ஒரு செவர்லே பிக்-அப் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டிகள் தயாரித்தது. இது அக்காலத்து வண்டி. உப்பளத்தில் நெடுங்காலம் மூட்டை சுமந்தது. அதன் பின்தொட்டியின் பக்கங்கள் இரும்புத் தகடு; அடித்தளமோ மரப்பலகை. பலகை உப்புநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தன்னைத் தொட்ட இரும்பை எந்நேரமும் ஈரமாகவே வைத்திருந்தது. தகடும் பலகையும் சேரும் ஓரங்கள்தாம் முதலில் அரித்துப் போயிருந்தன.

உப்பு ஏன் இவ்வளவு கேடு செய்கிறது? இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரான்களை இழக்கிறது. வேறோர் இடத்தில் ஆக்சிஜனும் நீரும் அவற்றை ஏற்கின்றன. இடையே அயனிகள் நடமாட நீர் வேண்டும். உப்புநீரில் அந்த நடமாட்டம் மிக எளிது. உண்டாகும் துரு, நீரேறிய இரும்பு ஆக்சைடு. அலுமினியத்தின் ஆக்சைடு போல அது ஒட்டிக்கொண்டு காப்பதில்லை. உப்பிப் பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் காற்றுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு பக்கத் தகடு பார்ப்பதற்கு நன்றாக இருந்தது. அப்பா கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது! முன்பு யாரோ துருவின் மேலேயே பட்டி பூசிச் சாயம் அடித்திருக்கிறார்கள்.

துருத்த பகுதியைச் சுற்றி, பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். மூலைகளை வளைவாக வெட்டுவது நல்லது. கூரிய மூலையில் விரிசல் தொடங்கும். பிறகு அட்டையில் அளவெடுத்து, அதே கனமுள்ள தகட்டில் ஒட்டு வெட்ட வேண்டும். எங்கள் வண்டிக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர். ஒட்டு வெட்டும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை.

நான் மூலையில் கிடந்த தகட்டை எடுத்து வெட்டிக் கொடுத்தேன். அன்று மாலை காற்று பலமாக வீசியது. காற்றடித்தால் வெல்டிங்கைக் காக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயு கலைந்துவிடும் என்று ஷட்டரை இறக்கியிருந்தோம். முதல் பொட்டு வைத்ததும் வெள்ளைப் புகை கிளம்பியது. "ஏம்மா, இது ஜிஐ தகடுல்லா! பழசானதுல வெளுப்பே தெரியல" என்றார் அப்பா. வண்டிக்காரர் மறுநாள் வருவதாக இருந்தது. "ஒரு துண்டுதான, முடிச்சிருவோம்" என்று தொடர்ந்தார்.

நள்ளிரவில் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல். இரண்டு போர்வை போர்த்தியும் உடம்பு நடுங்கியது. வாயில் இரும்புச் சுவை என்றார். அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குத் தாங்க முடியவில்லை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். இரும்பு உருகவோ 1538 டிகிரி வேண்டும். ஆகவே இரும்பு உருகுமுன் மேற்பூச்சுத் துத்தநாகம் ஆவியாகி, துத்தநாக ஆக்சைடு புகையாகிறது. அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து இப்படிக் காய்ச்சல் வரும் என்று மருத்துவர் விளக்கினார். பால் குடித்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அதை நம்பி யாரும் புகையில் நிற்க வேண்டாம். மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் தணிந்தது. வண்டிக்காரரும் பொறுத்துக்கொண்டார்.

மற்ற ஒட்டுகளுக்குப் பூச்சில்லாத தகட்டை அப்பாவே எடுத்தார். தொடர்ந்து வெல்டிங் செய்தால் சூட்டில் தகடு அப்பளம் போல நெளியும். ஆகையால் இங்கொரு பொட்டு, எதிர்ப்புறம் ஒரு பொட்டு என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தார். கிரைண்டரில் சமன் செய்தபின் குழிகளில் எஞ்சிய துருவுக்கு நான் பாஸ்பாரிக் அமிலம் தடவினேன் (கையுறையோடுதான்!). துரு கறுத்து இரும்பு பாஸ்பேட்டாக மாறியது. கழுவி, நன்கு உலர்த்தி, உப்புத்தாள் தேய்த்து, இருபுறமும் பிரைமர் அடித்தோம். உப்பால் கெட்ட வண்டிக்கு உப்புத்தாள்!

எல்லாம் முடிந்தபின் அப்பா தொட்டியின் கீழ்மடிப்பில் மூன்று சிறு துளைகள் போட்டு, அவற்றின் விளிம்புக்கும் பிரைமர் தடவினார். "நல்ல தகட்டில் ஏன் அப்பா ஓட்டை?" என்றேன். ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மூன்று துளைகளிலும் அது சொட்டி வெளியேறியது.