துப்பாக்கியில் பொறித்த எழுத்துகள்

வரலாறு பயிலும் நண்பர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் போற்றுகிறார்கள். இரும்பில் வெட்டிய எழுத்தை ஏனோ யாரும் பொருட்படுத்துவதில்லை. பழைய ஜெர்மன் இராணுவத் துப்பாக்கிகளில் காணும் சிறு முத்திரைகளை இரகசியச் சின்னங்கள் என்று சிலர் மயங்குவர். அவை பெரும்பாலும் கணக்குப்பிள்ளையின் வேலையே என்பேன் நான்.

1898-ஆம் ஆண்டு மௌசர் துப்பாக்கியைப் பார்ப்போம். முடியின் கீழே சிறிய கோதிக் எழுத்து இருந்தால், அந்த உறுப்பைச் சோதித்தவரின் அடையாளம் அது. பின்கட்டையில் முடியுடன் பெரிய எழுத்து இருந்தால், அது அரசரின் பெயர்: டபிள்யூ என்றால் வில்ஹெல்ம், பிரஷ்யா, எஃப்.ஏ. என்றால் பிரீட்ரிக் ஆகஸ்ட், சாக்சனி. எல் என்றால் பவேரியா. 1871-இல் ஜெர்மனி ஒரே பேரரசாயிற்று என்று படிக்கிறோம். ஆயினும் ஆயுதங்களை ஏற்றுக்கொண்டவர் தனித்தனி அரசர் என்பதைத் துப்பாக்கி சொல்லிவிடுகிறது!

பின்கட்டைத் தகட்டில் "12.ஆர்.5.37." போன்ற வரிசை இருக்குமானால், 12-ஆம் காலாட்படை ரெஜிமெண்டு, 5-ஆம் கம்பெனி, 37-ஆம் துப்பாக்கி என்று படிக்க வேண்டும்.

லூகர் கைத்துப்பாக்கி சிலவற்றில் 1917, 1920 என இரண்டு ஆண்டுகள் காணப்படும். முன்னது செய்த ஆண்டு. பின்னது, போருக்குப்பின் ஒரு லட்சம் பேராகச் சுருக்கப்பட்ட படையின் உடைமை என்பதற்கான குறி.

பிறகுதான் உண்மையான மறைப்பு தொடங்கிற்று. 1919-இன் வெர்சேல்ஸ் உடன்படிக்கை படைக்கலப் பெருக்கத்தைத் தடுத்திருந்ததால், செய்தவர் பெயரையே ஒளித்தார்கள். எஸ்/42 என்றால் ஓபெர்ண்டார்ப் நகரின் மௌசர் ஆலை. ஆண்டுக்குப் பதிலாக ஓர் எழுத்து: கே என்றால் 1934, ஜி என்றால் 1935. பின்னாளில் அதே ஆலை பி.ஒய்.எஃப். ஆயிற்று, ஆஸ்திரியாவின் ஸ்டையர் பி.என்.இசட். ஆயிற்று, பிர்னோ நகரின் ஆலை டி.ஓ.டி. ஆயிற்று.

தொடர் எண்ணும் தந்திரமானது. ஆண்டுதோறும் ஒன்றில் தொடங்கும். பதினாயிரம் நிறைந்ததும் ஏ சேர்த்து மறுபடியும் ஒன்று, பின்னர் பி. எனவே ஆலை, ஆண்டு, எழுத்து ஆகிய மூன்றும் தெரியாமல் எண்ணை மட்டும் படித்துப் பயனில்லை.

ஆனால் ஒழுங்காக எண் இடுபவன் எதையும் முழுதும் மறைக்க முடியாது. கணித மாணவர்கள் இதைக் கவனிக்க. கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் உறுப்புகளிலிருந்த தொடர் எண்களைக் கொண்டு, 1942 ஆகஸ்டில் 327 டாங்கிகள் செய்யப்பட்டன என்று நேச நாட்டுப் புள்ளியியலார் கணித்தார்கள். ஒற்றர்கள் சொன்ன கணக்கு 1,550. போருக்குப்பின் ஜெர்மன் ஏடுகளில் கண்டது 342.