பெயர்ப்பலகையைக் கழற்றும் முன்

முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984இல். அதற்கு முன் பரந்தனில் இருந்த ஒருவர் காணி அலுவல் ஒன்றுக்கு யாழ்ப்பாணக் கச்சேரி வரை போய்வர வேண்டியிருந்தது. வன்னிக்கு அரசாங்கம் கிட்ட வந்ததே அலுவலகங்கள் பிரிந்தபோதுதான். இப்போது கொழும்பில் அரச நிறுவனங்களின் இணைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்றது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டம் வந்தது. அரச செலவைக் குறைக்கும் வேலை அதன்பின் சூடுபிடித்தது. 2025இல் நூற்றுக்கும் மேற்பட்ட வணிக நோக்கற்ற அரச நிறுவனங்களை மறுபரிசீலனை செய்து, முதலில் 33 நிறுவனங்களை மூடுவது, இணைப்பது, சீரமைப்பது என்று முடிவெடுத்தார்கள்.

கொழும்பில் இருப்பவருக்கு இணைப்பு என்றால் பக்கத்துக் கட்டடத்துக்குப் போவது. முல்லைத்தீவில் இருப்பவருக்கு மாங்குளம் சந்திக்கு வரவே ஏறக்குறைய 50 கிலோமீற்றர்; அதற்குப் பிறகுதான் ஏ9 வீதி, அடுத்த பஸ். "அந்த ஒபிஸ் இப்ப இல்லை அம்மா, அங்க போய்க் கேளுங்கோ" என்ற ஒரு வசனத்தில் ஒரு நாள் கூலி போய்விடும்.

செய்ய வேண்டியவை

உங்கள் கோவை எங்கே போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். யுத்தத்தில் வீடும் கடையும் அழிந்தவர்கள் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தது புனர்வாழ்வு அதிகாரசபைக்கு. 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. 2018இல் இழப்பீடுகளுக்கான அலுவலகம் பற்றிய 34ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது பழைய சட்டம் நீக்கப்பட்டது. பொறுப்புகள் புதிய அலுவலகத்துக்கு வந்தன என்பது சட்டத்தில் ஒரு வரி. ஆனால் பழைய பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருந்தவருக்கு அந்த ஒரு வரி போதாது. என் விண்ணப்பம் எந்த இலக்கத்தில் இருக்கிறது, யாருடைய மேசையில் இருக்கிறது, பழைய இலக்கம் இன்னும் செல்லுமா? இந்த மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்). ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு நிறுவனம் மூடப்படப் போகிறது என்று கேள்விப்பட்ட உடனேயே கேட்டுவிடுங்கள். ஆட்கள் இடம் மாறிய பிறகு "எங்களிடம் பதிவு இல்லை" என்பதுதான் மிகச் சுலபமான பதில்.

கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், துண்டைக் கவனமாக வையுங்கள். தலைமையகம் கொழும்புக்கு மாறினாலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. சிங்களத்தில் பதில் வந்தால் திருப்பி எழுதிக் கேளுங்கள், கோபப்படவேண்டாம், கேளுங்கள்.

அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர் என்றால் கணக்கு வேறு. நியதிச்சட்டச் சபைகளில் பலருக்கு ஓய்வூதியம் இல்லை. இருப்பது ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் கட்டுவது இன்னொரு 3 வீதம். இவை மாதாமாதம் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று மூடுவதற்கு முன் பாருங்கள். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு: ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அமைய அடிப்படையில் இருந்தவர்கள் நியமனக் கடிதம், வரவுப் பதிவின் பிரதி, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இப்போதே சேர்க்கவேண்டும். வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் எத்தனையோ பெண்கள் வேலை செய்கிறார்கள். எந்தத் திணைக்களத்தில் மாற்றம் வந்தாலும் முதலில் ஆடுவது இப்படிப்பட்டவர்களின் கதிரைதான்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு விஷயத்தைக் கொண்டுபோங்கள். யாரிடம் கொடுப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. வவுனியாவும் முல்லைத்தீவும் வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். ஒரே அலுவலகம் மூன்று மாவட்டங்களுக்கும் வேலை செய்தால் இரண்டு பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் மனு போகவேண்டும்.

மாகாண அதிகாரத்தில் கை வைக்கும் இணைப்பா என்றும் பாருங்கள். திவிநெகும நினைவிருக்கும். சமுர்த்தி அதிகாரசபை, தென் அபிவிருத்தி அதிகாரசபை, உடரட்ட அபிவிருத்தி அதிகாரசபை ஆகியவற்றை ஒரே திணைக்களமாக்க வந்த சட்டமூலம் அது. அப்போது வடக்கில் மாகாணசபை தெரிவாகியிருக்கவில்லை; சம்மதம் சொன்னது ஆளுநர். சபைக்குப் பதிலாக ஆளுநர் சம்மதிக்க முடியாது என்றது உயர்நீதிமன்றம். 2013 ஜனவரியில் சட்டம் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது. அதே மாதம், அந்தத் தீர்ப்பைத் தந்த பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார். நிறுவனங்களை இணைக்கும் சட்டம் இவ்வளவு தூரம் போகும் என்று யார் நினைத்தார்கள்? வடக்கு மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இன்றும் அங்கே யாரும் இல்லை.

செய்யக்கூடாதவை

மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இதை வன்னி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லைதான். 2009இல் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஷொப்பிங் பையில் சுற்றி, பங்கருக்குப் பங்கர் தூக்கிக்கொண்டு போனவர்கள் இவர்கள். ஆனாலும் மேசைக்கு அப்பால் ஒருவர் கையை நீட்டினால் கொடுத்துவிடுகிறோம். உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் வைத்திருக்கும் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, காணாமற்போனமைச் சான்றிதழ் இரண்டுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

"புது ஒபிசில எனக்கு ஆளைத் தெரியும்" என்று வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் இப்படி ஒருவர் முளைப்பார்.

விளங்காத மொழிப் படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். சுயவிருப்ப ஓய்வுப் படிவமானால் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து, தெரிந்தவரைக் கொண்டு வாசித்துப் பாருங்கள்.

மூடியது மூடியதுதான் என்று கைவிடாதீர்கள். 1971இல் வந்த நெல் சந்தைப்படுத்தும் சபை 1990களில் ஓரங்கட்டப்பட்டது. இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் அதையே மறுபடி எழுப்பினார்கள். 2025 பெப்ரவரியில் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபா என்று அரசாங்கம் விலை சொன்னபோது வாங்கும் பொறுப்பு அந்தச் சபைக்குத்தான் வந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைவிப்பவருக்கு, சபை ஓரங்கட்டப்பட்டிருந்த அந்த இடைவெளி எத்தனை போகம் என்று கணக்குப் பார்க்கத் தெரியும். மிச்சம் பிடித்த காசைவிடத் திரும்பக் கட்டிய செலவு கூடவோ என்பது என் சந்தேகம்.

பெயர் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. யுத்தம் அதைத் தின்றது. பெயர் மட்டும் கொழும்புக்குப் போய், குளோரின் இறக்குமதி செய்து நீர் வழங்கல் சபைக்கு விற்கும் கம்பனியானது. பரந்தனில் எஞ்சியது இடிந்த சுவர்கள். 2025 வரவுசெலவுத் திட்டம் பரந்தனில் இரசாயனக் கைத்தொழில் வலயம் வரும் என்றது, வரட்டும், பார்ப்போம்.

அதற்காக எல்லா மூடலுக்கும் எதிராகக் கொடி பிடிக்கவேண்டாம். கொக்குளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களிடம் மகாவலி அதிகாரசபையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1988இல் அந்தப் பக்கத்துக் காணிகள் மகாவலி 'எல்' வலயத்துக்குள் போனதிலிருந்து, அந்தச் சபையின் அதிகாரம் தங்கள் நிலத்தைவிட்டு விலகவேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டு வருகிறார்கள். செலவைக் குறைப்பவர்கள் அந்தக் கோரிக்கையையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊர் அலுவலகம் பட்டியலில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், பெயர்ப்பலகையைக் கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். முழுப் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கும். நாளை கடிதத்தின் முதல் வரிக்கு அவை தேவைப்படும்.