எம்டனில் செண்பகராமன் இருந்தாரா?

கடற்போர் வரலாற்றில் ஆர்வமுள்ள நாலு பேர் ஒன்றுகூடினால் ஜட்லாண்ட் பேச்சு வராமல் போகாது. 1916 மே 31 அன்று வடகடலில் தொடங்கி மறுநாள் விடியலோடு ஓய்ந்த சண்டை அது. பிரிட்டன் 14 கப்பல்களையும் 6,000-க்கும் மேற்பட்ட ஆட்களையும் இழந்தது. ஜெர்மனி இழந்தது 11 கப்பல்கள், சுமார் 2,500 பேர். "அப்புறமென்ன, ஜெயித்தது ஜெர்மனிதானே?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "ஜெயித்தவர்களால் பிரிட்டனின் முற்றுகையை ஏன் உடைக்க முடியவில்லை?" என்று இன்னொருவர் மடக்குவார். இருவர் கையிலும் இருப்பவை அதே எண்கள்தான். ஒருவர் அந்த ஒரு நாளைப் பேசுகிறார், மற்றவர் போர் முழுவதையும் பேசுகிறார். இதைக் கவனிக்காதவரை தேநீர் ஆறிப்போவதைத் தவிர அந்த மேசையில் வேறெதுவும் நடக்காது.

ஆகவே கேள்வியை முதலில் நேராக்கிக்கொள்வது நல்லது. பிஸ்மார்க் கப்பல் 1941 மே 27 அன்று பிரிட்டிஷ் குண்டுகளால் மூழ்கியதா, ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்களா என்பதும் இந்த ரகம்தான். நொறுங்கிப்போன கப்பலை அதன் மாலுமிகள் மூழ்கடித்தார்கள் என்றால் இரண்டு தரப்பும் பாதி சரி. இதற்கு ஒரு மாலை முழுவதும் தேவையில்லை.

போர்க்கப்பல்களில் யமாட்டோவா, அயோவாவா என்கிற 'யார் பெரியவர்' ஆட்டத்துக்கும் இது பொருந்தும். ஜப்பானின் யமாட்டோவுக்கு 46 சென்டிமீட்டர் பீரங்கி, அமெரிக்காவின் அயோவாவுக்கு 40.6. அயோவாவின் வேகம் 33 நாட், யமாட்டோவுக்கு 27. இரண்டும் நேருக்கு நேர் மோதியதே இல்லை. இரவா பகலா, தூரம் எவ்வளவு, ரேடார் யாரிடம் என்று கேட்காமல் பீரங்கியின் வாயை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்பவரிடம் குவாடல்கனாலை நினைவுபடுத்தினால் போதும். 1942 நவம்பர் 14-15 இரவில் வாஷிங்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ரேடார் துணையோடு ஜப்பானின் கிரிஷிமாவைச் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்தது. கற்பனைப் போட்டியைவிட நடந்த சண்டையிலிருந்து பேசுவதில் ருசியும் அதிகம்.

வாக்குவாதத்தில் தடுமாற வைப்பது நேரில் பார்த்தவரின் சாட்சியம். அங்கே இருந்தவரே சொன்ன பிறகு நாம் யார் கேட்க என்று எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். அமெரிக்காவிடம் ஜப்பான் தோற்ற மிட்வே கடற்சண்டையைப் பற்றி உலகம் பல பத்தாண்டுகள் அப்படித்தான் வாயடைத்திருந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய விமானி மிட்சுவோ ஃபுசிடா, 1942 ஜூன் 4 அன்று அகாகி விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தார். குடல்வால் அறுவை நடந்திருந்ததால் அன்று அவர் பறக்கவில்லை. அமெரிக்க விமானங்கள் பாய்ந்தபோது ஜப்பானிய விமானங்கள் மேல்தளத்தில் வரிசையாகத் தயாராக நின்றன, இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எல்லாம் கிளம்பியிருக்கும் என்று போருக்குப் பின் அவர் எழுதினார். விதி ஐந்தே நிமிடத்தில் விளையாடிவிட்டது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அதைக் கவிழ்த்தவர்கள் ஜொனாதன் பார்ஷல், அந்தோணி டல்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்ல, நம் மேசையில் உட்காரக்கூடிய ஆர்வலர்கள். 2005இல் வெளிவந்த அவர்கள் நூல் ஜப்பானியக் கப்பல்களின் விமானப் பிரிவுப் பதிவேடுகளை நாடியது. எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்ற வறண்ட கணக்கு. தாக்குதலுக்குச் சற்று முன்புவரை அந்தத் தளங்களில் காவல் விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன என்பது அதில் தெரிந்தது. இறங்குகிற விமானத்துக்குத் தளம் காலியாக இருக்க வேண்டும். தாக்குதல் விமானங்களைக் கீழிருந்து மேலேற்றி, வரிசைப்படுத்தி, எஞ்சினைச் சூடேற்ற முக்கால் மணி நேரம் ஆகும். அப்படியானால் அவை அப்போது கீழ்க்கொட்டகையில்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடக் கதை அங்கேயே முடிந்தது.

ஜப்பானின் அதிகாரபூர்வப் போர் வரலாறு 1971லேயே ஃபுசிடா சொன்னதற்கு மாறாக எழுதியிருந்தது. ஜப்பானிய மொழியில் இருந்ததால் ஆங்கிலம் மட்டும் படித்தவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழைய கதையையே ஒப்பித்தார்கள். எதிர்த்தரப்பின் காகிதத்தைப் பார்க்காமல் நடக்கும் விவாதம் ஒருகை ஓசைதான். திட்டமிட்டதிலேயே கோளாறு என்பதைவிட ஐந்து நிமிடம் போதவில்லை என்பது தோற்ற தரப்புக்கு ஆறுதலும்கூட. சாட்சிக்கு எது ஆறுதல் தரும் என்று கேட்டுப் பார்ப்பது அவமரியாதை ஆகாது. வயதான முன்னாள் வீரர் ஒருவர் பேசும்போது "ஐயா, நீங்க அப்போ எந்த இடத்துல நின்னீங்க?" என்று கேட்டால் அவரும் மகிழ்ச்சியோடு சொல்வார், நமக்கும் வேண்டியது கிடைத்துவிடும்.

நம் ஊர்க் கதைகளுக்கும் இந்த அளவுகோல் வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் அதற்கு ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. இவ்வளவும் கையில் பிடிக்கக்கூடிய உண்மை. ஆனால் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்பார். எம்டன் 1910இலிருந்து கிழக்காசியக் கடலில் இருந்த கப்பல். 1914 ஜூலை 31 அன்று சீனக் கரையின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. செண்பகராமன் அந்தச் செப்டம்பரில் சூரிச்சில் இருந்தார், பிறகு பெர்லினுக்குப் போனார். ஐரோப்பாவில் இருந்தவர் எந்த வழியாக, எந்தத் தேதியில் அந்தக் கப்பலில் ஏறினார் என்று கேட்டால் பதில் வராது, கோபம்தான் வரும். பெர்லினில் அவர் செய்த அரசியல் வேலையே அவருக்குப் பெருமை சேர்க்கப் போதுமானது.

கடாரப் படையெடுப்பிலும் இதே கதைதான். 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் அனுப்பிய கடற்படை தொட்ட ஊர்களை அவனுடைய மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. கப்பல்களைப் பற்றிச் சொல்வதோ 'பல' என்பது மட்டும். எத்தனை, எவ்வளவு நீளம், ஒன்றில் எத்தனை வீரர்கள் என்று அடுக்குபவரிடம் கல்வெட்டின் எந்த வரி என்று கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள், அவரை அடுத்த கூட்டத்துக்கும் வரவழைக்க வேண்டுமே.

ஒரு பெரிய சண்டையின் கதையைத் திருத்தியது ஏறிய நேரம், இறங்கிய நேரம் எழுதிய ஒரு பதிவேடு. உங்கள் வீட்டுப் பரணில் ராணுவத்திலோ கடற்படையிலோ இருந்த தாத்தாவின் சம்பளப் புத்தகமோ, பர்மாவிலிருந்து வந்த கடிதமோ கிடந்தால், பழைய பேப்பர்காரர் வருவதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்தவரை கூடவே எழுதியும் வையுங்கள்.