விளம்பர முகமும் வியாபாரப் பெருக்கமும்

கடைத் திறப்பு விழாவுக்கு ஒரு நடிகரை அழைத்து வந்தால் அன்று தெருவே அடைபட்டுப் போகிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் மறுமாதம் சர்க்கரையும் துவரம்பருப்பும் வாங்க வருகிறார்கள் என்பதே கல்லாப்பெட்டியின் கேள்வி. அரசாங்கங்களுக்கும் இதே கேள்வி உண்டு. வெளிநாட்டுப் பயணிகளை வரவழைக்க அவை புகழ்பெற்றவர்களைத் தூதர்களாக நியமிக்கின்றன. அதனால் பலன் உண்டா? அண்டை நாடான இலங்கையின் கணக்கைப் பார்ப்போம்.

இலங்கையின் வரவுக் கணக்கு

2018-இல் இலங்கைக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தனர். 2019-இல் ஈஸ்டர் நாளன்று குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா, 2022-இல் பெட்ரோல் தட்டுப்பாடு என அடிமேல் அடி விழுந்தது. 2021-இல் வந்தவர்கள் 2 லட்சம்கூட இல்லை.

2022 ஆகஸ்டில் கிரிக்கெட் வீரர் சனத் ஜயசூரிய சுற்றுலாத் தூதராக அறிவிக்கப்பட்டார். அவ்வாண்டு சுமார் 7.2 லட்சமாக இருந்த வரவு, 2023-இல் 14.8 லட்சத்தையும் 2024-இல் 20 லட்சத்தையும் தாண்டியது. வந்தவர்களில் இந்தியரே முதலிடம்.

இதை மட்டும் பார்த்தால் எல்லாம் ஜயசூரியவின் புகழால் வந்தது போலத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் நடந்தவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 டிசம்பரில் சென்னை–யாழ்ப்பாணம் விமானம் மீண்டும் பறந்தது. 2023 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குச் சென்றது. அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. இந்தியா உள்ளிட்ட சில நாட்டவருக்கு விசா கட்டணமும் நீக்கப்பட்டது. பெட்ரோல் வரிசை மறைந்தது. வழியும் விலையும் வசதியும் திறந்த பிறகே அழைப்புக்குப் பலன் கிடைத்தது எனக் கொள்வதே பொருத்தம்.

நமக்குரிய பாடங்கள்

1. முகம் அந்தச் சந்தையில் அறிமுகமாகி இருக்க வேண்டும். கிரிக்கெட் பார்க்கும் இந்தியருக்கு ஜயசூரியவைத் தெரியும். ஜெர்மானியருக்கோ ரஷ்யருக்கோ அவர் யாரோ ஒருவர். ரஜினிகாந்தின் 'முத்து' 1998-இல் டோக்கியோவில் வெளியாகி வெற்றி பெற்றது. அதன்பின் அவருடைய படம் பார்க்கவே சென்னைக்கு வரும் ஜப்பானிய ரசிகர்கள் உண்டு. படம் ஓடாத நாட்டில் அதே முகத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

2. விளம்பரம் வாசல்வரைதான் அழைத்து வரும். உள்ளே சரக்கும் எடையும் விலையும் சரியாக இருந்தால்தான் வாடிக்கை நிலைக்கும்.

3. உபசரிப்பு நம் கையில் உள்ளது. நம் நாட்டின் 'அதிதி தேவோ பவ' விளம்பரத்தில் ஆமிர் கான் பேசியது வெளிநாட்டவரிடம் அல்ல, நம்மவரிடம்தான். வந்த விருந்தினரை ஏமாற்றாதீர்கள், தொல்லை கொடுக்காதீர்கள் என்பதே அதன் சாரம். புகழ் பெற்ற முகத்தை உள்ளூராரைத் திருத்தவும் பயன்படுத்தலாம் என்பதற்கு இது சான்று.

நம் பகுதியில்

1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையம் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். துறைமுகத்துக்கு அருகிலேயே நிற்கிறது. நாளையே ஒரு நட்சத்திரம் அதன் முன் நின்று உலகத்தாரை அழைத்தாலும், வருபவர் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே நடந்து, கழிப்பறை தேடி, விலை தெரியாமல் திகைத்தால் ஊர் போய் என்ன சொல்வார்? இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நாம் சங்கத்தின் மூலம் முதலில் கேட்க வேண்டியவை நடைபாதை, கழிப்பறை, தெருவிளக்கு. நாமே செய்ய வேண்டியவை விலைப் பலகை, முத்திரையிட்ட தராசு, கேட்காமலே தரும் ரசீது. இவற்றால் கப்பலில் வருபவருக்கு மட்டுமல்ல, காசிமேட்டுக்காரருக்கும் நன்மையே.

நட்சத்திர விளம்பரம் செய்ய விரும்பும் உறுப்பினர்கள் ஒன்று செய்யலாம். விளம்பரத்துக்குப் பிந்திய மூன்று மாத விற்பனையை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு ஒப்பிட்டு எழுதுங்கள். கூடுதல் விற்பனையில் கிடைத்த லாபம் விளம்பரச் செலவைத் தாண்டியதா என்று பாருங்கள். தாண்டாவிட்டால், அடுத்த முறை அந்தப் பணத்தைச் சரக்கின் தரத்தில் போடுவதே அறிவுடைமை.