மருந்திற் பிழையும் நீதியின் வாயில்களும்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் பயில்வோர், அதன் இறுதிக்கண் வள்ளுவனார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்திருத்தலைக் காண்பர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தை முறையறிந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. இவற்றுள் இறுதியானதை வேறாக எடுத்து எண்ணிய நுட்பம் எம்மனோர்க்கு வியப்பைத் தருவது. மருத்துவர் பேரறிஞராயினும், மருந்து பழுதற்றதாயினும், கொடுக்கும் கை தவறுமாயின் எல்லாம் வீணாம். அங்ஙனம் தவறியபின் நோயாளியின் சுற்றத்தார் யாது செய்வர் என்னும் வினாவுக்கு அவ்வதிகாரத்தில் விடையில்லை. அது சட்டத்தின்பாற் பட்டது. அவ்விடையை, விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில் நிகழ்ந்ததொன்றை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூரைச் சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர்போன ஊராகவே பலரும் அறிவர். 2018 ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வூர்ப் பெயர் வேறொரு காரணத்தால் நாடெங்கும் பேசப்பட்டது. கருவுற்றிருந்த பெண்மணி ஒருவர்க்கு இரத்தசோகை இருந்தமையின், அவ்வூர் அரசு மருத்துவமனையில் அவருக்கு இரத்தம் ஏற்றினர். அது சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியினின்றும் வந்தது, அதன்கண் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அதனைக் கொடுத்தவன் பத்தொன்பது வயது இளைஞன். உறவினர் ஒருவரின் பிரசவத்துக்கு உதவும் பொருட்டுக் கொடுத்தான். 2016 ஆம் ஆண்டில் அவன் இரத்தம் கொடுத்த காலத்தே தொற்று உண்டென்பது சோதனையிற் புலப்பட்டிருந்தும், அச்செய்தி அவனுக்கு எட்டவில்லை. அயல்நாட்டு வேலைக்காக உடற்சோதனை செய்துகொண்டபோதுதான் தன் நிலையை அறிந்தான். அறிந்தவுடன் தானே முன்வந்து அதனைத் தெரிவித்தான். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அத்துயரம் பொறாது அம்மாத இறுதியில் அவன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். எம் வயதினன் ஆதலின், இதனை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துசெல்ல மனம் ஒருப்படவில்லை. இப்பிழையை வெளிக்கொணர்ந்தது எந்த அலுவலகத்தின் விழிப்புமன்று, அவ்விளைஞனின் வாய்மையே. 2019 சனவரியில் மதுரை இராசாசி மருத்துவமனையில் அவ்வம்மையார்க்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்றில்லை என்பது பின்னர்ச் சோதனைகளால் தெளிவாயிற்று.

இரத்தம் மருந்தாகுமோ எனின், ஆகும். 1940 ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தையொட்டிய விதிகள் இரத்தத்தையும் அதன் கூறுகளையும் மருந்தாகவே கொண்டு, இரத்த வங்கிகள் உரிமம் பெறவேண்டும் என்றும், ஒவ்வொரு கொடையையும் எச்.ஐ.வி. முதலிய தொற்றுக்களுக்காகச் சோதித்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. உரிமமற்ற வங்கிகளை ஒழிக்கவும், பணத்துக்கு இரத்தம் விற்கும் முறையை நிறுத்தவும் உச்சநீதிமன்றம் 1996 இல் ஆணையிட்டது. ஆகவே சாத்தூரில் நிகழ்ந்ததனை மருந்துப் பிழையின் ஓர் இனமாகக் கொள்ளுதல் பொருந்தும்.

இனி, எல்லாப் பிழையும் சட்டத்தின்முன் குற்றமாமோ? ஆகாது. இருவகைச் சிகிச்சையுள் ஒன்றை மருத்துவர் ஆய்ந்து தெரிந்தெடுக்க, அது பயன் தாராது ஒழியின், அதனைக் கவனக்குறைவு என்று நீதிமன்றம் கூறுவதில்லை. ஒரு மருந்துக்கு மாறாக வேறொன்றைக் கொடுத்தலோ, அளவை மிகுத்தலோ அத்தகையதன்று. அங்கே அறிவின் வேறுபாடு இல்லை, கவனத்தின் குறைவே உண்டு. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு தில்லியில் நிகழ்ந்த ஒரு வழக்கு. 1993 இல் தனியார் மருத்துவமனை ஒன்றிற் சேர்க்கப்பட்ட குழந்தைக்குக் குளோராம்பெனிகால் மருந்து வேண்டியிருக்க, செவிலி குளோரோகுவினை ஊசிவழிச் செலுத்திவிட்டார். குழந்தையின் இதயத்துடிப்பு நின்று, மூளை மீளாச் சேதமுற்றது. தேசிய நுகர்வோர் ஆணையம் குழந்தைக்கு 12 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், பெற்றோரின் மனவேதனைக்கு 5 இலட்சம் ரூபாயும் வழங்க, உச்சநீதிமன்றம் 1998 இல் அதனை உறுதிசெய்தது. செவிலியின் பிழைக்கு மருத்துவமனையே பொறுப்பு என்பதும், நோயாளியன்றிப் பெற்றோரும் தம் துயருக்கு ஈடு கேட்கலாம் என்பதும் இத்தீர்ப்பால் நிலைபெற்றன. வள்ளுவனார் எண்ணிய நான்காமவரைச் சட்டமும் எண்ணிற்று எனலாம்.

குடும்பத்தார் செல்லுதற்குரிய வாயில்களுள் எளியது நுகர்வோர் ஆணையம். மருத்துவமும் ஒரு சேவையே என்று 1995 இல் உச்சநீதிமன்றம் தீர்த்ததன் பயன் இது. இப்போது நடைமுறையிலுள்ள 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முறையீட்டாளர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 5 இலட்சத்துக்கு மேற்படாதாயின் கட்டணமும் இல்லை. வழக்குக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறையிடுதல் வேண்டும். துயரில் மூழ்கிய குடும்பத்துக்கு இரண்டாண்டு விரைந்து கழிந்துவிடும் என்பதை ஈண்டு நினைவூட்டுகின்றோம்.

ஆயினும் அதே 1995 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒரு கதவை அடைத்தும் வைத்தது. எவரிடத்தும் கட்டணம் பெறாது எல்லார்க்கும் இலவசமாகவே மருத்துவம் செய்யுமிடம் இச்சட்டத்துள் வாராது. சிலரிடம் பெற்றுச் சிலர்க்கு இலவசமாகச் செய்யுமிடம் வரும்; அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் முறையிடலாம். ஏழையர் மிகுதியும் நாடுவது அரசு மருத்துவமனையை ஆதலின், இவ்வேறுபாடு எமக்கு உவப்பாக இல்லை. பொருள் கொடுத்தவனுக்கு அண்மையிலுள்ள எளிய மன்றமும், கொடாதவனுக்குச் சேய்மையிலுள்ள உயர்நீதிமன்றமுமாக இஃது அமைந்துவிட்டது.

அரசின் பிழையால் உயிருக்கோ உடலுக்கோ கேடுற்றவர், அரசியலமைப்பின் 226 ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தை அணுகலாம். வாழும் உரிமையை உரைக்கும் 21 ஆம் பிரிவு அவ்வழக்குக்கு அடிப்படையாகும். சாத்தூர் வழக்கு இவ்வழியே சென்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 இல், பாதிக்கப்பட்ட அம்மையார்க்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடும், வீடும், அரசுப் பணியும் அளிக்குமாறு ஆணையிட்டது. பணத்தோடு வீட்டையும் பணியையும் சேர்த்தமை கருதத்தக்கது. அத்தொற்றுக்கு வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். ஒருமுறை கைக்கு வரும் தொகை ஒருமுறையே செலவாகும்.

உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கிடுதல் மற்றொரு வழி. அரசின்மீது வழக்கிடின் பெரும்பாலும் 2 மாத முன்னறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். நோயாளி இறந்துபட்டால் 1855 ஆம் ஆண்டுச் சட்டமொன்று வாழ்க்கைத்துணைக்கும், பெற்றோர்க்கும், மக்களுக்கும் ஈடு கேட்கும் உரிமையை வழங்குகிறது. குற்றவியல் வழி இவற்றினின்றும் வேறு. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 106 ஆம் பிரிவு, சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைத்த பதிவுபெற்ற மருத்துவர்க்கு 2 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. ஆனால் கவனக்குறைவு மிகப் பெரிதாயிருத்தல் வேண்டும் என்றும், வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் பெற்றபின்னரே வழக்கைத் தொடரவேண்டும் என்றும் 2005 இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. தண்டனை கிடைப்பினும் அதனாற் குடும்பத்துக்குச் சோறு வாராது.

மேற்கூறிய எவ்வழியிற் செல்வார்க்கும் இன்றியமையாதது சான்று. அதனை நாடி முதற்கண் செய்யற்பாலது மருத்துவக் குறிப்பேட்டின் படியைக் கேட்டல். கேட்ட 72 மணி நேரத்துள் அதனைத் தருதல் வேண்டும் என்று மருத்துவர்க்குரிய 2002 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன. அரசு மருத்துவமனையாயின் 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமும் துணைநிற்கும். மருந்துச் சீட்டு, காலியான மருந்துக் குப்பி, பற்றுச்சீட்டு ஆகியவற்றை எறிந்துவிடலாகாது. அடுத்த இடர்ப்பாடு, மருத்துவர் பிழையை மருத்துவரைக் கொண்டே நிறுவவேண்டியிருத்தல். சுவிசேஷத்தில் பெரும்பாடுள்ள பெண்மணியின் வரலாற்றை மாற்கு எழுதுங்கால், அவர் வைத்தியர் பலரால் மிகவும் வருத்தப்பட்டு முன்னிலும் மோசமானார் என்று வெளிப்படையாக உரைக்கின்றார். தாமே வைத்தியராகிய லூக்கா அவ்வரலாற்றைக் கூறுங்கால், எவராலும் குணமாக்க முடியவில்லை என்ற அளவில் அமைகின்றார். ஒரு தொழிலினர் தம்முள் ஒருவர்க்கு எதிராகப் பேசத் தயங்குதல் அன்றுதொட்டு இருந்ததுபோலும்! ஆயினும் மாற்று மருந்து, மாற்று இரத்தம் போன்றவற்றில் ஏடுகளே பேசிவிடும். அங்கே வல்லுநர் சான்றின் தேவை குறையும்.

பட்டாசும் தீப்பெட்டியும் செய்து வாழும் சிவகாசி, சாத்தூர்ப் பகுதியினர்க்கு வெடிவிபத்தின்பின் இழப்பீடு கேட்டல் புதிதன்று. மருந்துப் பிழைக்கும் அது கேட்கலாம் என்பது அத்துணைப் பரவியதாக எமக்குத் தோன்றவில்லை. வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பொருளில்லையே என்பார்க்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் உண்டு. பெண்டிர், சிறுவர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். விருதுநகர் மாவட்டத்தார்க்கு மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. எச்.ஐ.வி. தொற்றுற்றோர் ஊரார்முன் பெயர் வெளிப்படுமே என்று அஞ்சி வழக்கிடாது ஒழிய வேண்டுவதில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தனிச்சட்டத்தின்படி, அவர்தம் பெயரை மறைத்தே வழக்கை நடத்துமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம்.