ஆப் ஸ்டோர் இல்லாத ஐபோன்

2007 ஜனவரி 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைக் காட்டியபோது அதில் ஆப் ஸ்டோர் கிடையாது. வெளியார் எழுதிய ஒரு செயலியைக்கூட அதில் போட வழியில்லை. ஜூன் 29-ஆம் தேதி அமெரிக்காவில் 499, 599 டாலர் விலைகளில் விற்பனைக்கு வந்தபோதும் நிலைமை அதுதான். ஆப் ஸ்டோர் வரும்வரையிலான ஒன்றரை வருடம் முழுக்க ஆர்வலர்கள் விடாமல் பேசிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான்: இவ்வளவு காசு கொடுத்து வாங்கும் கருவியில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது யார்? அப்போது பிறந்த நம்பிக்கைகளும் அச்சங்களும் புதிய போன் எது வந்தாலும் மறுபடி தலைதூக்குகின்றன. நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம்.

"ஐபோனுக்கு முன்னால் போனில் செயலிகளே இல்லை."

இருந்தன, நிறையவே இருந்தன. பாம், விண்டோஸ் மொபைல், நோக்கியாவின் சிம்பியன் என்று எல்லாவற்றிலும் வெளியார் எழுதிய மென்பொருளைப் போட முடிந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், சாதாரண ஜாவா போன்களில் தமிழில் குறுஞ்செய்தி எழுத 2005-லேயே வழி செய்துவிட்டது. ஐபோன் மூடிய கருவியாக வந்தபோது ஆர்வலர்கள் அவ்வளவு கொதித்ததற்குக் காரணமும் இதுதான். தங்கள் கையில் ஏற்கெனவே இருந்த உரிமை புதிய போனில் இல்லாமல் போவதை அவர்கள் பார்த்தார்கள்.

"ஆப் ஸ்டோர் முதல் நாளிலிருந்தே ஜாப்ஸின் திட்டம்."

பதிவாகியிருக்கும் வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. போன் என்பது கணினி மாதிரி திறந்து கிடக்கக்கூடாது என்பதுதான் 2007 ஜனவரியில் பத்திரிகைகளிடம் ஜாப்ஸ் சொன்ன வாதம். யாரோ எழுதிய ஒரு செயலி கோளாறு செய்து, அலைபேசிச் சேவை நிறுவனமான சிங்குலரின் மேற்குக் கடற்கரை நெட்வொர்க்கே விழுந்துவிடக்கூடாது என்றார். ஜூன் 11-ஆம் தேதி மென்பொருள் உருவாக்குநர் மாநாட்டில் அவர் கொடுத்த வழி, சஃபாரி உலாவிக்குள் ஓடும் இணையச் செயலிகள். அரங்கில் இருந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். உலாவிக்குள் ஓடும் பக்கத்துக்குக் கேமராவும் கிடையாது, இணையம் இல்லாத இடத்தில் வேலையும் கிடையாது.

நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. இயக்குநர் குழுவின் ஆர்ட் லெவின்சனும் சந்தைப்படுத்தல் தலைவர் ஃபில் ஷில்லரும் செயலிகளை அனுமதிக்கச் சொல்லி வற்புறுத்தியதை, ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றில் வால்டர் ஐசக்சன் எழுதியிருக்கிறார். வெளியே ஆர்வலர்கள் காத்திருக்கவில்லை. ஆப்பிளின் தடைகளை உடைத்து வெளியார் மென்பொருளைப் போட வழி செய்யும் ஜெயில்பிரேக் ஜூலையிலேயே வந்துவிட்டது. ஆகஸ்டில் 17 வயது ஜார்ஜ் ஹாட்ஸ், ஏடி அண்ட் டி சேவையில் மட்டுமே போனை ஓட வைத்த பூட்டை உடைத்து வேறு சிம் போட்டுக் காட்டினார். செப்டம்பர் இறுதியில் ஆப்பிள் வெளியிட்ட 1.1.1 அப்டேட்டைப் போட்டதும், அப்படிப் பூட்டு உடைத்த போன்கள் பல உயிரற்றுப் போயின. அதன் பிறகு மூன்று வாரத்துக்குள், அக்டோபர் 17-ஆம் தேதி, வெளியாருக்கு மென்பொருள் கருவித்தொகுப்பு தரப்போவதாக ஜாப்ஸ் கடிதம் வெளியிட்டார். 2008 மார்ச் 6-ஆம் தேதி தொகுப்பு வந்தது, ஜூலை 10-ஆம் தேதி சுமார் 500 செயலிகளோடு கடை திறந்தது. முதல் வார இறுதியில் மட்டும் ஒரு கோடி பதிவிறக்கங்கள். வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த கதவுதான் ஐபோனை உலகம் அறிந்த ஐபோன் ஆக்கியது. அதைத் திறக்க வைத்ததில் ஆர்வலர்களின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

"மூடி வைத்ததால்தான் அது பாதுகாப்பாக இருந்தது."

இந்த நம்பிக்கைதான் மிக ஆழமாக வேரூன்றியது. இதில் பாதி உண்மை இருப்பதால் நின்று பார்க்க வேண்டும்.

திறந்த போன்களில் ஆபத்து இருந்தது மெய்தான். 2004-இல் சிம்பியன் போன்களில் புளூடூத் வழியாகப் பரவிய கேபிர், கைபேசிகளுக்கென எழுதப்பட்ட முதல் புழு. 2009 நவம்பரில் ஜெயில்பிரேக் செய்த ஐபோன்களையே இக்கீ என்ற புழு தாக்கியது. தொலைவிலிருந்து நுழையும் வசதியைப் போட்டுக்கொண்டு, எல்லா ஐபோனுக்கும் பொதுவாக இருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டவர்கள் அதில் மாட்டினார்கள்.

ஆனால் மூடியிருந்த 2007-ஆம் வருட ஐபோனின் உள்ளே என்ன நிலைமை? அதில் ஏறக்குறைய எல்லா மென்பொருள்களும் ரூட் என்னும் உச்ச அதிகாரத்தோடு ஓடின. உலாவியில் ஒரு ஓட்டை கிடைத்தால் போதும், முழு போனும் அடுத்தவன் கையில். விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே பாதுகாப்பு ஆய்வாளர் சார்லி மில்லரும் அவருடைய குழுவும் இதைச் செய்து காட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் டிஃப் வகைப் படங்களைத் திறக்கும் பகுதியில் ஒரு ஓட்டை வெளிவந்தது. அதன் வழியாகவே ஒரு ஜெயில்பிரேக் உருவானது. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும், போன் விடுபட்டுவிடும். வேலை முடிந்ததும் அந்த ஜெயில்பிரேக் அதே ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் வெளியேறும். ஆப்பிளின் திருத்தம் வரும்வரை, பூட்டு உடைத்த போன்களில் அடைபட்டிருந்த ஓட்டை, உடைக்காத போன்களில் திறந்தே கிடந்தது.

கடையில் சோதித்து அனுமதிப்பது மட்டுமே காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2015-இல் எக்ஸ்கோட்கோஸ்ட் என்ற தீம்பொருள், வீசாட் உட்படப் பல செயலிகளுக்குள் ஒளிந்து ஆப் ஸ்டோர் சோதனையைத் தாண்டி வந்தது. செயலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அடைத்து வைப்பதும், எதைத் தொடலாம் என்று அனுமதி கேட்க வைப்பதும், ஓட்டையை உடனுக்குடன் அடைப்பதும்தான் போனைக் காக்கின்றன. இவற்றை ஒரே கடை உள்ள போனிலும் செய்யலாம், பத்துக் கடை உள்ள போனிலும் செய்யலாம்.

"ஜெயில்பிரேக் என்றால் திருட்டு."

திருட்டுச் செயலிக்காகச் செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் வீடியோ எடுக்கவும், திரையின் தோற்றத்தை மாற்றவும் செய்தவர்களும் ஏராளம். வீடியோ பதிவை ஆப்பிள் 2009 ஜூனில்தான் கொடுத்தது. ஜெயில்பிரேக் செய்த போன்களில் சைகார்டர் செயலி அதை 2008-லேயே செய்தது. சட்டப்படி வாங்கிய செயலிகளை ஓட்டுவதற்காக ஜெயில்பிரேக் செய்வது குற்றமாகாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2010 ஜூலையில் விலக்கு அளித்தது.

"ஆப் ஸ்டோர் வந்ததோடு ஐபோன் திறந்துவிட்டது."

கடை திறந்தது. போனுக்குள் எந்த ஆழம்வரை போகலாம் என்பது ஆப்பிளின் கையிலேயே இருந்தது. 2009-இல் கூகுள் வாய்ஸ் செயலிக்கு இடம் கிடைக்காமல், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும்வரை விஷயம் போனது.

இதன் அடி தமிழில் எழுதுபவர்கள் மேலும் விழுந்தது. ஆண்ட்ராய்டில் 2009 ஏப்ரலில் வந்த 1.5 பதிப்பிலிருந்தே வெளியார் செய்த விசைப்பலகையைப் போட்டுக்கொள்ளலாம். ஐபோனில் அப்போது அதற்கு அனுமதி இல்லை. நண்பருக்குத் தமிழில் ஒரு வரி அனுப்ப வேண்டுமானால் செல்லினத்தைத் திறந்து, அதற்குள்ளேயே தட்டச்சு செய்து, நகலெடுத்து, செய்திச் செயலிக்கு வந்து ஒட்ட வேண்டியிருந்தது. பதில் வந்தால் மறுபடி முதலிலிருந்து. திறமையான தமிழ் விசைப்பலகை எழுதத் தெரிந்தவர்கள் இருந்தும், போன் அவர்களை உள்ளே விடவில்லை. ஆப்பிள் தானே தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகளைச் சேர்த்தது 2013-இல், ஐஓஎஸ் 7-இல். வெளியார் விசைப்பலகைகளுக்குக் கதவு திறந்தது 2014-இல். ஆண்ட்ராய்டைவிட ஐந்து வருடத் தாமதம். சிறிய மொழிகள், சிறிய சமூகங்கள் எல்லாம் நிறுவனத்தின் பட்டியலில் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும். திறந்த தன்மையை ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

"ஒருமுறை திறந்தால் திறந்ததுதான்."

ஆண்ட்ராய்டைப் பற்றி இப்படித்தான் நம்பினோம். அடையாளத்தைப் பதிவு செய்த உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே நிறுவ முடியும் என்ற விதி வரப்போவதாகவும், 2026 செப்டம்பரில் முதலில் நான்கு நாடுகளில் தொடங்கப்போவதாகவும் 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும் நவம்பரில், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி விடுவதாக இறங்கி வந்தது. இன்னொரு பக்கம், ஐரோப்பிய ஒன்றியம் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தைக் கொண்டுவந்த பிறகு, 2024 மார்ச்சில் அங்குள்ள ஐபோன்களில் மற்ற கடைகளுக்கும் இடம் கிடைத்தது. கதவு சட்டத்தாலும் திறக்கும், நிறுவனத்தின் ஒரே அறிவிப்பால் சாத்தப்படவும் கூடும்.

அதனால் புதிய போன் வாங்கப் போகும்போது கேமராவையும் பேட்டரியையும் விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். கடைக்கு வெளியிலிருந்து செயலி போட முடியுமா, எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதை நிறுவனத்துக்கு எழுதுங்கள். 2007-லும் 2025-லும் நிறுவனங்களை அசைத்ததில் அப்படி எழுந்த குரல்களுக்கும் பங்கு உண்டு.