கிளச் போனால் மட்டும் போதுமா?

மதுரையில் வண்டியூரிலிருந்து வைகை ஆற்றைத் தாண்டி, தெப்பக்குளத்தைச் சுற்றி, காமராசர் சாலை வழியாகக் கீழவாசல் போய்ச் சேர்வதற்குள் கியர் பைக் ஓட்டுபவரின் இடது கை கிளச்சைப் பிடித்துப் பிடித்தே ஓய்ந்துவிடும். இருபத்தைந்து வயதில் அது உறைக்காது. அறுபத்தைந்தைத் தாண்டி, விரல் கணுக்கள் வீங்கி, கட்டைவிரலின் அடிமூட்டும் தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு சிக்னலும் உறைக்கும். "பைக்கைக் கொடுத்துட்டு ஸ்கூட்டி வாங்கிக்கங்கப்பா" என்று பிள்ளைகள் சொல்வார்கள். பாதி சரி.

மீதி, பிரேக்கில் இருக்கிறது. பைக்கில் பின் பிரேக் வலது காலின் வேலை. ஸ்கூட்டரில் கால் சும்மா இருக்கும். இரண்டு பிரேக்கும் விரல்களின் தலையில். போதாததற்கு, 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு சிபிஎஸ் (கூட்டு பிரேக்) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்) கட்டாயம். சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது லிவரை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் சில மாடல்களில் அந்த லிவர் நன்றாகவே கனக்கும். கிளச்சிலிருந்து தப்பிய இடது கை இங்கே மாட்டிக்கொள்ளும். அதனால் மைலேஜும் நிறமும் அப்புறம். முதலில் இடது லிவர்.

ஷோரூமுக்குக் காலையில், கடை திறந்ததுமே போங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு விரல் இறுக்கம் காலையில்தான் அதிகம்; மாத்திரை வேலை செய்யும் மத்தியானத்தில் எல்லா வண்டியும் லேசாகத்தான் தெரியும். ஓட்டப்போகிறவர் நேரில் வர வேண்டும். பிறந்தநாளுக்கு வண்டியை வாசலில் நிறுத்தி அசத்தும் வேலை இந்த விஷயத்தில் வேண்டாம்.

இன்ஜினைப் போடாமல் உட்காருங்கள். விரலை நீட்டித் தேடாமல் லிவர் எட்டுகிறதா? இடது லிவரை முழுதாக அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை. பிறகு வலது. முன்சக்கரத்தில் டிஸ்க் இருந்தால் பொதுவாக வலது லிவர் மென்மையாக இருக்கும். டிரம் பிரேக்கில் கேபிளை இழுக்கும் பாரம் விரலுக்கு வரும். ஷோரூம் வண்டியின் கேபிள் காய்ந்திருக்கவும் கூடும் என்பதால், அதே மாடலில் இன்னொரு வண்டியையும் அழுத்திப் பாருங்கள்.

அடுத்து கட்டைவிரல். இண்டிகேட்டர், ஹாரன், செல்ஃப் மூன்றும் அதன் பொறுப்பு. சாவியைத்தான் யாரும் சோதிப்பதில்லை. ஹேண்டில் லாக் போட சாவியை உள்ளே அழுத்தியபடியே திருப்ப வேண்டும். கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்தவருக்கு இதைவிடக் கொடுமை இல்லை. சீட் லாக், பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் அவர் கையாலேயே திறந்து மூடச் சொல்லுங்கள். சாவியில்லா மாடல் வரும் வண்டியானால் கூடுதல் பணம் கொடுக்கத் தகும்.

வண்டியின் எடை அடுத்த சோதனை. சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுங்கள், பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். டிவிஎஸ் எக்ஸெல் 100 தொண்ணூறு கிலோவுக்குள் அடங்கும். யமஹா ஃபசினோ 99 கிலோ, ஆக்டிவா நூற்றைத் தாண்டும், மின் ஸ்கூட்டர்கள் பல அதற்கும் மேல். ஆனால் ஐக்யூப் போன்ற மின் வண்டிகளில் ரிவர்ஸ் உண்டு. சந்துக்குள் நிறுத்தி எடுப்பவருக்கு அது பெரிய உதவி.

எக்ஸெல்லைச் சந்தைக்கு மூட்டை ஏற்றும் வண்டி என்று ஒதுக்காதீர்கள். 1911-ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ், 1980-ல் விட்ட டிவிஎஸ் 50-இன் வாரிசு அது. கிளச் லிவர், கியர் இரண்டும் கிடையாது. பெரிய சக்கரம் பள்ளத்தின் குலுக்கலை மணிக்கட்டுக்கு அவ்வளவாக அனுப்பாது. வாங்கினால் செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாக வாங்குங்கள்.

"பைக்தான் வேணும்" என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. கிளச் லிவரே இல்லாத ஜைவ் என்ற பைக்கை டிவிஎஸ் 2009-ல் கொண்டுவந்தது. விற்பனை எடுபடாமல் நின்றுபோனது. இன்றைக்கு அந்த ஆசைக்கு ரிவோல்ட் போன்ற மின் பைக்குகள்தான் வழி.

ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூம் வாசலிலேயே சுற்றாமல் வேகத்தடை உள்ள தெருவுக்குப் போங்கள்; குலுக்கல் கைக்கு எவ்வளவு வருகிறது என்று அங்கேதான் தெரியும். மின் வண்டியில் இன்ஜின் அதிர்வு இல்லை, ஆக்சிலேட்டரும் லேசு. பலவற்றில் ஆக்சிலேட்டரை விட்டாலே மோட்டார் வேகத்தைக் குறைக்கும். பாதி பிரேக் வேலை மிச்சம். ஆனால் சார்ஜ் நிறைந்திருக்கும்போது அந்தப் பிடிப்பு குறையலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

கைப்பிடி மெலிந்திருந்தால் ஸ்பாஞ்ச் உறை போடலாம்; இறுக்கிப் பிடிக்கும் தேவை குறையும். உறை ஆக்சிலேட்டர் திரும்புவதைத் தடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீக்கம் ஏறி விரல் மடங்காத நாளில் எந்த வண்டியும் வேண்டாம், ஷேர் ஆட்டோ போதும்.

கியர் வண்டி லைசென்ஸே ஸ்கூட்டருக்கும் செல்லும். ஆனால் 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தாண்டுக்குத்தான் தருவார்கள்; படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் லைசென்ஸில் தேதியைப் பார்த்துவிடுங்கள்.